பதினைந்தாவது சாமான்

"பதினஞ்சு சாமான் இருக்கணும். எண்ணு."

"எண்ணிட்டேன்பா. பதினாலுதான் இருக்கு."

"மறுபடி எண்ணு."

தவமலர் மறுபடி எண்ணினாள். சமையலறை மேசையில் துப்பாக்கியின் குழல் ஒரு பக்கம், கட்டை ஒரு பக்கம். நடுவே அம்மாவின் அஞ்சறைப் பெட்டி. கடுகையும் சீரகத்தையும் வேறு டப்பாவில் கொட்டிவிட்டு, பிரித்த சின்னச் சாமான்களை அதில் போட்டு வைப்பது அந்த வீட்டு வழக்கம். ஒரு கிண்ணத்தில் திருகாணிகள். ஒரு கிண்ணத்தில் ஆணிகள். ஸ்பிரிங் இருக்க வேண்டிய கிண்ணத்தில் மட்டும் கொஞ்சம் மஞ்சள் தூள் ஒட்டியிருந்தது.

அரை விரல் நீளம்கூட இல்லாத ஸ்பிரிங். அது இல்லாவிட்டால் துப்பாக்கி வெறும் இரும்புத் தடி.

"நாலு வருஷம் எஞ்சினியர் படிப்பு. ஒரு ஸ்பிரிங்க பத்திரமா வெக்கத் தெரியல" என்றார் முனியாண்டி.

தவமலர் பல்லைக் கடித்தாள். எஸ்டேட் லயத்து வீடுகளிலிருந்து பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள். பெண்பிள்ளை தொடக் கூடாது என்று பூட்டியே வைத்திருந்த துப்பாக்கியை இன்று காலை அப்பாவே எடுத்து வந்து, "நீதானே எஞ்சினியர், பிரிச்சுத் துடைச்சுக் குடு" என்றபோது, சொல்லக் கூடாது, அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அந்தப் பெருமை ஒரு மணி நேரம்கூட நிற்கவில்லை. இப்போது அவள் டார்ச் லைட்டோடு கேஸ் அடுப்புக்கடியில் படுத்துக் கிடந்தாள்.

"பிரிக்கும்போது எகிறியிருந்தா சத்தம் கேட்டிருக்கும்பா."

"உன் காதுலதான் எப்பவும் போன் இருக்குதே. என்ன கேக்கும்?"

"ஒருவேளை முன்னாடியே இல்லாம இருந்திருந்தா?"

"போன மாசம் இதே துப்பாக்கியாலதான் தக்காளித் தோட்டத்துல ரெண்டு பன்னிய சாய்ச்சேன். ஸ்பிரிங் இல்லாமலா வெடிச்சுச்சு?"

அப்பா சுட்டுத் தள்ளிய காட்டுப்பன்றிகளின் கதை திரிங்காப் டவுன் வரை பிரசித்தம். சுட்ட பன்றி எல்லாம் பள்ளத்தில்தான் உருளும். ஒரு துண்டு கறி வீட்டுக்கு வந்ததில்லை. ஆனாலும் கதை கதைதான்.

ருக்குமணி தரையில் முறத்தை வைத்துக்கொண்டு நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். வீடே கவிழ்ந்து கிடந்தது, அவள் எழுந்திருக்கவில்லை.

"மா, நீயாச்சும் கூட்டிப் பாரேன்லா."

"கூட்டினா நெத்திலித் தலைதான் வரும்" என்றாள் அம்மா.

தவமலர் எழுந்து, எண்ணெய் அடைத்திருந்த ஒரு துளையை வெளிச்சத்தில் பார்த்தாள். அதற்குள் போய் ஒட்டிக்கொண்டிருக்குமோ? "ஒரு ஊக்கு குடுமா."

ருக்குமணி அந்தப் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து, தாலிச் சங்கிலியில் கோத்திருந்த ஊக்குகளில் ஒன்றைக் கழற்றிக் கொடுத்தாள். துளையைக் குத்திப் பார்த்ததில் கறுப்பு எண்ணெய் வந்தது. ஸ்பிரிங் வரவில்லை.

முனியாண்டி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"செவ்வாய்க்கிழமை போலீஸ் பாலாய்க்குப் போயி துப்பாக்கி லைசன்ஸ் புதுப்பிக்கணும். புது சார்ஜன், பழைய ஆள் மாதிரி நம்பரைப் பாத்துட்டு சாப் அடிச்சு அனுப்புறவன் இல்லியாம். பிரிச்சுப் பாப்பானாம். சாமான் எங்கன்னு கேட்டா நான் என்ன சொல்றது?"

"காணலன்னு சொல்லுங்க."

"துப்பாக்கிச் சாமான காணலன்னா சும்மா விடுவானா? நீ வந்து சொல்லு. நான்தான் பிரிச்சேன், நான்தான் தொலைச்சேன்னு ரிப்போர்ட் எழுதிக் குடு."

"திங்கக்கிழமை நான் ஈப்போவுல வேலைல சேரணும்பா. காலைல ஏழு மணி பஸ்."

"வேலை எங்கயும் ஓடிடாது."

"ஓடிடும்பா. சேந்த மறுநாளே வரலன்னா அடுத்தவளைக் கூப்பிட்டுடுவான். எட்டு மாசம் அலைஞ்சு கெடைச்ச வேலை. அதோட என் பேர்ல போலீஸ் ரிப்போர்ட் வேறயா?"

"தொலைச்சது நீ."

தவமலர் எண்ணெய் படிந்த தன் விரல்களைப் பார்த்தாள். பிரித்த கை அவளுடையதுதான். கடைசித் திருகாணியைக் கழற்றும்போது லேசாகச் சாய்த்தோமோ? அப்போதுதான் விழுந்திருக்குமோ? எட்டு மாதம், நாற்பது விண்ணப்பம், எல்லாம் ஒரு ஸ்பிரிங்கில் வந்து நிற்கிறது.

"சரிப்பா. நான் வந்து..."

"இருடி" என்றாள் ருக்குமணி.

கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு தாலிச் சங்கிலியை வெளியே இழுத்தாள். நான்கு ஊக்குகள் தொங்கின. அவற்றில் ஒன்றில், மஞ்சள் ஏறிப்போய், ஒரு சின்ன ஸ்பிரிங் கோத்திருந்தது.

முனியாண்டி எழுந்துவிட்டார். "எப்படி எடுத்த?"

"பிரிக்கும்போதெல்லாம் அஞ்சறைப் பெட்டியப் புடிச்சுக்கிட்டு நின்னது யாரு? எது எங்க இருக்கும்னு தெரியாதா?"

"எப்ப எடுத்த?"

"இவ யுனிவர்சிட்டிக்குப் போகக் கூடாது, வாசலைத் தாண்டினா கால்லயே சுடுவேன்னு நின்னீங்கல்ல? அன்னிக்கு, நீங்க குளிக்கப் போனப்ப. அஞ்சு வருஷமாச்சு."

தவமலர் அப்பாவைப் பார்த்தாள். "அப்ப போன மாசம் ரெண்டு பன்னிய எதாலப்பா சாய்ச்சீங்க?"

முனியாண்டி காலி கிண்ணத்தைப் பார்த்தார். இன்று காலை துப்பாக்கி ஏன் தன் கைக்கு வந்தது என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது: என்றைக்கோ காணாமல் போன ஸ்பிரிங்கை, இன்றைக்குத் தொலைக்க அவருக்கு ஓர் ஆள் தேவைப்பட்டிருக்கிறது.

அவர் மெல்லக் கையை நீட்டினார்.

ருக்குமணி சங்கிலியை ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டு முறத்தின் முன் உட்கார்ந்தாள். "திங்கக்கிழமை இவ பஸ் ஏறட்டும். செவ்வாய்க்கிழமை தர்றேன்."