ஏழாவது குழி

அருளப்பன் தன் லாரியின் ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸை வீட்டு வாசலிலேயே பிரித்துப் போட்டான். கழற்றிய சாமான்கள் வரிசை மாறிவிடக் கூடாது என்று மனைவி ரெஜினாவின் ஏழு குழி இட்லித் தட்டைத் தூக்கி வந்து, குழி குழியாகப் போட்டு வைத்தான்.

தட்டுக்கு அங்கே இருப்புக் கொள்ளவில்லை. நாலு நாளாக மேலெல்லாம் ஆயில். சூடான ஆவிக்கு ஏங்கிப் போயிருந்தது.

ஐந்தாம் நாள் சாமான்கள் ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் திரும்பின. ஏழாவது குழியின் கறுப்பு ஆயிலில் மட்டும் மிளகளவு இரும்புக் குண்டு ஒன்று மறைந்து கிடந்தது.

“தட்டக்கா, என்னை விட்டுட்டு மூடப் போறாரு. லேசா ஆடுங்க, நான் உருண்டு சத்தம் போடுறேன்.”

“பேசாம கிட. அம்மாம் பெரிய பெட்டிக்கு நீ ஒருத்தன் இல்லேன்னா குடி முழுகிடாது. இப்ப ஆடினா மறுபடி பிரிப்பாரு. நான் எப்ப வீடு போய்ச் சேர்றது?”

அருளப்பன் பெட்டியை மூடி லாரியில் மாட்டினான்.

சாயங்காலம் ரெஜினா தட்டைப் புளி போட்டுத் தேய்த்தாள். ஆயிலோடு குண்டும் சாக்கடையில் போனது. மறுநாள் காலை தட்டில் இட்லி பஞ்சாக வெந்தது.

சாப்பிட்டுவிட்டு அருளப்பன் லாரியை எடுத்தான். முன்னால் போனது, ரிவர்ஸ் விழவில்லை. பெட்டியை இறக்கி மறுபடி எல்லாவற்றையும் பிரித்தான். குண்டு இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது.

“ரெஜினா, அந்தத் தட்டைக் கொண்டா.”

தட்டைப் பக்கத்தில் வைத்துவிட்டு, முட்டி போட்டு வாசல் மண்ணைக் கையால் சலித்தான்.

தட்டு தன்னால் ஆன மட்டும் ஆடிப் பார்த்தது. ஏழாவது குழியில் சத்தம் போட யாருமில்லை.