பெரியவருக்கு அவசரம்

"தம்பி, கொஞ்சம் ஓரங்கட்டுங்க. எனக்கு அவசரம்."

டிரைவர் கண்ணாடியில் பின் சீட்டைப் பார்த்தார். பெரியவர் நெளிந்துகொண்டிருந்தார். பக்கத்தில் அவர் மனைவி ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தார். கிளம்பி ஒன்றரை மணி நேரம்தான் ஆகிறது, அதற்குள் இது மூன்றாவது தடவை.

"இப்பதானே சார் நிறுத்தினோம்?"

"அது அப்ப. இது இப்ப."

பதிலுக்கு மட்டும் குறைச்சல் இல்லை. டிரைவர் பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்து வந்த பெட்ரோல் பங்க்கில் வண்டியைத் திருப்பினார்.

பெரியவர் இறங்கி, சுற்றிக்கொண்டு வந்து மறுபக்கக் கதவைத் திறந்தார்.

"நீயும் இறங்கு. இப்படி உட்கார்ந்தே வந்தா கால் மரத்துப்போயிடும்."

அந்த அம்மா வாயைத் திறக்காமல் இறங்கி, தலையைக் குனிந்தபடி நடந்தார். புருஷனால் இந்த வயதில் எப்படியெல்லாம் மானம் போகிறது பார் என்று டிரைவருக்கு அந்த அம்மாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

பன்னிரண்டரைக்குக் கோயில் நடை சாத்திவிடுவார்கள். அதைத் தவறவிட்டால் சாயங்காலம்தான் திறப்பு. அதுவரை காத்திருக்கவும் வழியில்லை, டிரைவருக்குச் சாயங்காலம் வேறு சவாரி இருந்தது. 'இவ சாமியைப் பார்த்து நாலு வருஷம் ஆச்சு தம்பி, எப்படியாவது நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துடுங்க' என்று வண்டி ஏறும்போது சொன்னதும் இதே மனிதர்தான்.

டிரைவரின் கூட்டாளி ஒருவர் போனில் வந்தார். எங்கே இருக்கிறாய் என்று கேட்டார்.

"எங்கயா? பாதி வழியிலதான். இவர் சாமி கும்பிட வந்தாரா, ரோட்டுல இருக்கிற பாத்ரூமையெல்லாம் எண்ண வந்தாரான்னே புரியலை."

இருவரும் வந்து ஏறினார்கள். வண்டி நகர்ந்ததும் டிரைவரால் சும்மா இருக்க முடியவில்லை.

"கோவிச்சுக்காதீங்க சார். காலையில தண்ணியைக் கொஞ்சம் குறைச்சுக் குடிச்சிருக்கலாம். அம்மாவைப் பாருங்க. வாய் பேசாம எவ்வளவு பொறுமையா வர்றாங்க."

அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

பெரியவர் சிரித்தார். "அவ பொறுமைசாலிதான். நான்தான் பழைய குழாய் மாதிரி ஆயிட்டேன். ஒழுகறதை நிறுத்த முடியலை."

வெட்கமே கிடையாது போலிருக்கிறது. அதற்குப் பிறகும் இரண்டு தடவை நிறுத்தச் சொன்னார். கடைசியில் டிரைவர் விட்ட விரட்டலில், பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கோயில் வாசலுக்கு வந்து சேர்ந்தார்கள்.

உள்ளே வரிசை பாம்பாக வளைந்து கிடந்தது. இரண்டு பக்கமும் கம்பித் தடுப்பு. நுழைந்துவிட்டால் நடுவில் வெளியே வர வழியில்லை. அம்மா அதைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"நான் இங்கிருந்தே கும்பிட்டுக்கறேங்க. நீங்க போயிட்டு வாங்க."

"சும்மா இரு," என்றவர், வரிசையைக் கவனித்துக்கொண்டிருந்த தொண்டரிடம் போனார்.

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"அரை மணி நேரம் ஆகும் ஐயா."

"அவ்வளவு நேரம் என்னால தாங்க முடியாது தம்பி." முன்னால் நின்ற இருபது பேருக்காவது கேட்டிருக்கும். "நடுவுல எனக்கு வந்துட்டா கோயில்னு பார்க்காது. அப்புறம் நீங்கதான் கழுவி விடணும்."

வரிசையில் குபீரென்று சிரிப்பு எழுந்தது. ஒருவர் முகத்தைச் சுளித்தார். கூடவே வந்திருந்த டிரைவர் இரண்டடி தள்ளி நின்று, யாரோ எவரோ என்பதுபோல் கோபுரத்தைப் பார்த்தார்.

தொண்டர் அவசர அவசரமாகப் பக்கவாட்டுக் கதவைத் திறந்தார். "நீங்க மட்டும் இப்படிப் போங்க."

"இவ கை பிடிக்காம எனக்கு நடக்க வராது."

"சரி, அவங்களையும் கூட்டிட்டுப் போங்க. சீக்கிரம்."

பத்தே நிமிடத்தில் வெளியே வந்தார்கள். அம்மாவின் கண் கலங்கியிருந்தது. காலையிலிருந்து முதல்முறையாக டிரைவரிடம் அவராகவே பேசினார்.

"கிட்டப் போய்ப் பார்த்தேன் தம்பி. கண் நிறையப் பார்த்தேன்."

அந்த முகத்தைப் பார்த்ததும் டிரைவரின் எரிச்சலில் பாதி இறங்கிவிட்டது.

திரும்பும் வழியில் அம்மா கணவரின் தோளில் சாய்ந்து தூங்கிப்போனார். ஒரு பங்க் போனது, இன்னொன்று போனது. இதோ கூப்பிடுவார் என்று டிரைவர் ஒவ்வொன்றுக்கும் வேகத்தைக் குறைத்தார். ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகியும் பின்னாலிருந்து சத்தமே இல்லை. காலையில் தான் சொன்னதை மனதில் வைத்துக்கொண்டு அடக்கிக்கொண்டிருக்கிறாரோ என்று டிரைவருக்கு உறுத்தியது.

"சார், நான் ஏதோ வாய்தவறிப் பேசிட்டேன். அதுக்காக அடக்கிட்டு உட்கார்ந்திருக்காதீங்க. அடுத்த பங்க்ல நிறுத்தறேன்."

"வேண்டாம் தம்பி." பெரியவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நாலு வருஷமா எங்க கூப்பிட்டாலும் முட்டி வலிக்குதுன்னு சொல்லி வீட்டுக்குள்ளயே உட்கார்ந்துட்டா. காரணம் முட்டி இல்லைன்னு எனக்குத் தெரியாதா? முன்பின் தெரியாத டிரைவர்கிட்ட, வண்டியை நிறுத்துங்கன்னு அவ எப்படித் தம்பி வாய் விட்டுக் கேட்பா?"

டிரைவரின் கால் தானாக வேகத்தைக் குறைத்தது.

பெரியவர் மனைவியின் தலை சரியாமல் தோளைச் சற்று உயர்த்திக்கொண்டார்.

"இப்பத் தூங்கட்டும். அவ முழிச்சதும் எனக்கு அவசரம் வரும்."