மஞ்சள் கோடு

"மறுபடியும் அதே சத்தமா? உன் கையில என்னடா கோளாறு?"

அந்தப் பழைய நீலக் கார் கேட்டுக்குள் நுழைவதற்குள்ளாகவே அக்கா ஆரம்பித்துவிட்டாள். வேகத்தடையில் ஏறி இறங்கும்போது அது "க்ரீ...ச்" என்று முனகியது ஒர்க்‌ஷாப் முழுக்கக் கேட்டிருந்தது.

தம்பிக்கு முகம் சிவந்துவிட்டது. இந்த வருஷத்தில் இதே காருக்கு, சக்கரத்துக்கு மேலே அதிர்ச்சி தாங்கும் இதே ரப்பர் சஸ்பென்ஷன் புஷ், மூன்றாவது தடவை.

"நான் சரியாத்தான்க்கா மாட்டினேன்."

"கிழிச்ச! ஜாக்கியில தொங்கவிட்டபடியே போல்ட்டை முடுக்கியிருப்ப. வண்டியைத் தரையில இறக்கி, வெயிட்டு சக்கரத்துல உக்காந்ததுக்கு அப்புறம் முடுக்கணும்னு எத்தனை தடவை சொல்றது? அந்தரத்துல முடுக்கினா, இறக்கினதும் ரப்பர் முறுக்கிக்கும். கொஞ்ச நாள்ல பிஞ்சுபோகும்."

"பரவாயில்லைங்க, தம்பியைத் திட்டாதீங்க. நான் வெயிட் பண்றேன்" என்றார் காரின் சொந்தக்காரர். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். மனைவி போன பிறகு தனி ஆள். எப்போதும் கசங்காத வெள்ளைச் சட்டை. சொல்லிக்கொண்டே அக்காவின் மேஜைக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

உட்கார்ந்ததும் வழக்கம்போல, "கண்ணாடியைக் கொடுங்க, ஸ்க்ரூ லூசா இருக்கு" என்று அக்காவின் மூக்குக்கண்ணாடியை வாங்கி முடுக்கிக் கொடுத்தார். அது எப்படித்தான் அவர் வரும் நாளாகப் பார்த்துத் தளருமோ, அந்தக் கண்ணாடிக்கே வெளிச்சம்.

அக்கா தம்பி பக்கம் திரும்பினாள். "இன்னொரு தடவை இந்த வண்டி சத்தத்தோட வந்துச்சுன்னா, புஷ் வேலையை நீ தொடக்கூடாது. வண்டி கழுவப் போயிடு."

தம்பிக்கு அது சுருக்கென்று தைத்தது. அப்பா போன பிறகு ஒர்க்‌ஷாப்பையும் தம்பியையும் சேர்த்துத் தூக்கி நிறுத்தியவள் அக்கா. தம்பிக்குக் கல்யாணமும் செய்து வைத்தாள். "உனக்கு எப்போக்கா?" என்று யாராவது கேட்டால், "முதல்ல அந்த வேனை முடி" என்பாள். ஊரே குறை சொன்னாலும் தாங்கிக்கொள்வான். அவள் சொன்னால் தாங்காது.

அன்றைக்கு அவன் பார்த்துப் பார்த்து வேலை செய்தான். இரண்டு பக்கமும் புது புஷ். வண்டியை இறக்கி, பானெட்டை நாலு அழுத்து அழுத்தி ஆடவிட்டு, பிறகுதான் கடைசி முடுக்கு. முடித்ததும் ஒரு காரியம் செய்தான். போல்ட் தலையிலிருந்து அது உட்காரும் இரும்புவரை மஞ்சள் பெயின்ட்டில் மெல்லிய கோடு ஒன்று இழுத்தான். போல்ட்டை யாராவது திருகினால் கோடு உடைந்து விலகிவிடும். டார்ச் அடித்துத் தேடினால் ஒழியக் கண்ணில் படாது. யாரிடமும் மூச்சு விடவில்லை.

"வண்டி இங்கயே இருக்கட்டும், சார் நாளைக்கு வந்து எடுத்துக்குவாரு. ட்ரையல் ஓட்டி நான் பார்த்துக்கறேன். நீ வீட்டுக்குக் கிளம்பு, பாவம், அவ காத்துக்கிட்டிருப்பா" என்றாள் அக்கா. திட்டிய வாய்க்கு இவ்வளவு கரிசனம் எங்கிருந்து வந்ததென்று தம்பிக்கு ஆச்சரியம்.

அடுத்த மாதமே வேகத்தடையில் "க்ரீ...ச்."

இந்தத் தடவை தம்பிக்கு அந்தச் சத்தம் சங்கீதமாகக் கேட்டது. காரைத் தூக்கி, டார்ச்சோடு இடது சக்கரத்துக்குள் தலையை விட்டான்.

"சார், இங்க வாங்க. அக்கா, நீயும் வா. இந்த மஞ்சள் கோட்டைப் பாருங்க, ரெண்டா விலகியிருக்கு. நான் முடுக்கினதுக்கு அப்புறம் யாரோ கழற்றி முடுக்கியிருக்காங்க. சொல்லுங்க சார், வேற எந்த மெக்கானிக்கிட்ட போனீங்க?"

வெள்ளைச் சட்டைக்காரர் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். "வேற யாருகிட்டயும் இல்ல தம்பி... நான்தான். வீட்டுல ஜாக்கி போட்டு, லூஸ் பண்ணி, அந்தரத்துலயே முடுக்கினேன். அப்படிச் செஞ்சா சீக்கிரம் பிஞ்சுபோகும்னு உங்க அக்கா திட்டும்போது கேட்டதுதான்."

"எதுக்கு சார்?"

அவர் அந்த நாற்காலியைப் பார்த்தார். "வண்டியில கோளாறு இல்லாம, இங்க வந்து எப்படி உக்கார்றது?"

"கேட்டியாக்கா!" தம்பி துள்ளினான். "என் கை சுத்தம்!"

"சே! பெரிய மனுஷன் செய்யற வேலையா இது?" அக்கா பொரிந்து தள்ளினாள். "உங்களால இவனை எவ்வளவு திட்டிட்டேன்! அடுத்தவன் பேரைக் கெடுக்க வெக்கமா இல்ல?"

"தப்புதாங்க. மன்னிச்சிடுங்க தம்பி." அவர் தலை குனிந்தார். "ஆனா இடது பக்கம் மட்டும்தான் கை வச்சேன். எங்க வீட்டுல வலது பக்கம் சுவரை ஒட்டி நிக்கும். நுழைய முடியாது."

தம்பி டார்ச்சை வலது பக்கம் கொண்டுபோனான்.

அங்கேயும் மஞ்சள் கோடு விலகியிருந்தது.

அன்றைக்கு ட்ரையல் பார்த்தது யார் என்பது அவனுக்கு நினைவு வந்தது. மெதுவாகத் திரும்பினான். அக்கா மூக்கில் கண்ணாடியை வைத்துக்கொண்டே, மேஜையில் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"என்னடா முழிக்கிற? போய் டீ வாங்கிட்டு வா. அவசரமில்ல, மெதுவாவே வா."

தம்பி டார்ச்சை அணைத்தான்.

"சரிக்கா. மாமாவுக்குச் சர்க்கரை போட்டா, போடாமலா?"