பிடரிமுடி

"இந்தத் தடியனைப் பாருங்கடா! ரெண்டு புள்ளைக்கு அப்பன், இன்னும் பிடரியில முடி தொங்குது!"

காவலன் போட்ட சத்தத்தில் ஏரிப் பாலத்தில் நின்ற கூட்டமே திரும்பிப் பார்த்தது. தெபெவா தலையைக் குனிந்துகொண்டான்.

பகைவன் ஒருவனை உயிரோடு பிடித்து வந்தால்தான் அஸ்டெக் தலைநகரான டெனோச்டிட்லானில் ஓர் ஆண்பிள்ளைக்குப் பிடரிமுடியை வெட்டுவார்கள். அதுவரை சின்னப் பையன் கணக்குதான். அந்த முடியை வைத்து வீட்டில் நடந்த கேலியெல்லாம் தெபெவாவுக்கு ஞாபகம் வந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.

ஆனால் இன்று உயிர் அந்த முடியில்தான் இருந்தது. நகரம் விழுந்துவிட்டது. தாடிக்கார ஸ்பானியர்கள் பாலத்தின் கோடியில் வாளோடு நின்றார்கள். அவர்களோடு சேர்ந்துகொண்டு காவல் நின்ற பக்கத்து நாட்டுப் பகைவர்களான திலாஷ்கலாக்காரர்கள், வெளியேறும் ஆண்களின் பிடரியைப் பார்த்து, முடி வெட்டியவனையெல்லாம் வீரன் என்று தனியே இழுத்துக் கொன்றுகொண்டிருந்தார்கள்.

"போடா, போய்ப் பொண்டாட்டி பின்னாடி ஒளிஞ்சுக்க!"

வெயிலில் பிடரி பிசுபிசுத்தது. கையைக் கொண்டுபோய்த் துடைக்கத் தெபெவாவுக்குத் துணிவில்லை. மனைவி ஷோகோ பிள்ளைகளை இழுத்துக்கொண்டு கூடவே வந்தாள். அவன் முகத்தை அவள் பார்க்கவேயில்லை.

அடுத்து வந்தவன் அவள் தம்பி கியாவ். அவன் தலையில் போர்த்தியிருந்த துணியைக் காவலன் உருவினான். பிடரி மழமழவென்று இருந்தது.

"அட, இவன் ஆம்பளை! எத்தனை பேரைடா புடிச்ச?"

"நாலு பேரு." கியாவ் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான். "அதுல ரெண்டு பேரு உங்க ஊர்க்காரனுங்கதான். என்னா அழுகை அழுதானுங்க!"

விழுந்த அறை தெபெவாவின் காதில் கேட்டது. கியாவைத் தரதரவென்று இழுத்துப் போனார்கள். தெபெவா நிற்கவில்லை, திரும்பவில்லை. வெட்கங்கெட்ட கால்கள் தம்பாட்டுக்கு நடந்தன.

கரையேறிச் சோளக்கொல்லைக்குள் நுழைந்ததும் பிள்ளைகள், "மாமா எங்கம்மா?" என்று கேட்டார்கள்.

ஷோகோ புருஷன் முன்னால் வந்து கையை நீட்டினாள்.

"நாலு பேரைப் புடிச்ச மகாவீரரே, ஒட்டவெச்சது போதும், ஒருத்தனையும் புடிக்காத என் தம்பி முடியைக் குடுங்க."