துப்பும் கிண்ணம்

தேயிலையை ருசி பார்த்துத் தரம் சொல்வதுதான் பிழைப்பு என்பதால் ஞானசிகாமணி வீட்டிலும் டீயை உறிஞ்சித் துப்பிவிடுவார். கல்யாணமான நாளிலிருந்து பாக்கியமேரி போட்ட டீயில் ஒரு வாய்கூட அவர் தொண்டைக்குள் இறங்கியதில்லை. அன்று விருந்தாளிகளுக்கு முன்னால் மல்லிகை, புதினா, ஏலக்காய் என்று வகைவகையாக உறிஞ்சி, பாராட்டி, பித்தளைக் கிண்ணத்தில் துப்பிக்கொண்டே வந்தவர், கடைசியில் அவள் டீயையும் துப்பினார்.

“இது மாட்டுக்கு ஊத்தத்தான் லாயக்கு.”

எல்லோரும் சிரித்தார்கள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கிண்ணத்தை வெடுக்கென்று எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். அதிலிருந்ததை நுரை பொங்கக் கொதிக்கவைத்து, வடிகட்டி, அவர் கோப்பையிலேயே ஊற்றிக்கொண்டு வந்து வைத்தாள்.

“இத மட்டும் துப்பாம குடிங்க” என்று நாற்காலியை இழுத்துப்போட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தாள்.