மூணு அங்குலம்

"என் புருஷன் மாட்டுன ஸ்பிரிங்கு. மொதல்ல நான் ஏறாம வேற யாரு ஏறுவாங்க?"

இடுப்பில் இரண்டு வயதுக் கவியாவோடு ஜீப்பின் பின்பக்கம் தொற்றி ஏறினாள் செவ்வந்தி.

அவள் புருஷன், மெக்கானிக் தீர்த்தகிரி, அவசரமாகக் குறுக்கே வந்தான். "நீ இப்போ எதுக்குடி? பஸ்ஸுல வாயேன்."

"நல்லாக் கீதே கதை! கொழந்தைக்குத் திருப்பத்தூர்ல தடுப்பூசி போடணும். ஜீப்பு தோ நிக்குது, நான் பஸ்ஸுக்குக் காத்துக் கெடக்கணுமா? நீயே சொல்லுண்ணா."

"உக்காரு தங்கச்சி" என்றான் ஜீப்பின் சொந்தக்காரன் தனசேகரன். அவ்வளவுதான் அவன் பேச்சு. புதூர்நாட்டில் ஜீப் ஓட்டுகிறவர்களிலேயே வாய் திறக்காதவன். அவன் நாலு வார்த்தை பேசினால் மழை வரும் என்று மற்ற டிரைவர்கள் கேலி செய்வார்கள்.

ஹேண்ட் பிரேக் செத்துப் பல வருடமான வண்டி. சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்திருந்த கல்லை எடுத்துவிட்டு, முன் சீட்டில் ஏறிக்கொண்டான் தீர்த்தகிரி. ஜீப் மலையிறங்கக் கிளம்பியது.

வண்டியை மூணு அங்குலம் தூக்கிக் கட்டும் லிஃப்ட் கிட்டை நேற்றுத்தான் மாட்டி முடித்திருந்தான். இந்த மலையில் அவன் செய்த முதல் லிஃப்ட் வேலை. ஸ்பிரிங் பட்டை, ஷாக் அப்சார்பர் எல்லாம் பெட்டியில் இருந்தன. முன்சக்கரத்துக்குப் பிரேக் ஆயில் கொண்டுபோகும் ரப்பர் ஹோஸ் மட்டும் நீளமானது வரவில்லை. வண்டி உயர்ந்தால் ஹோஸும் நீள வேண்டும். பழைய ஹோஸ் இழுத்துக் கட்டிய துணிக்கொடி மாதிரி விறைத்து நின்றது. சக்கரம் ஒரு பள்ளத்தில் தொங்கினால் போதும், பிய்த்துக்கொண்டு போய்விடும். அப்புறம் பிரேக்காவது மண்ணாவது!

"எல்லாம் மாத்தியாச்சா?" என்று தனசேகரன் கேட்டபோது, "மாத்தியாச்சுண்ணா" என்று சொல்லித் தொலைத்துவிட்டான். இல்லை என்று சொன்னால் வண்டி கீழே வேறு பட்டறைக்குப் போய்விடும். முதல் வேலையே இப்படி என்று மலை முழுக்கச் சிரிக்கும்.

திருப்பத்தூர் போய்ச் சேர்ந்தால் போதும். கடையில் நீள ஹோஸ் வாங்கிச் சத்தமில்லாமல் மாட்டிவிடலாம். அதுக்குத்தான் கூடவே கிளம்பினான். பெண்டாட்டியும் பிள்ளையும் வந்து ஏறுவார்கள் என்று யார் கண்டது!

இரண்டாவது வளைவு தாண்டியதும் மழையில் அரித்துப் போன இடம் ஒன்று வந்தது. முன்சக்கரம் தொபுக்கென்று அதில் இறங்கி ஏறியது. அடியில் 'டக்' என்று ஏதோ சத்தம்.

தீர்த்தகிரிக்கு உயிரே போய்விட்டது.

"அண்ணா... பிரேக்கு எப்படி கீது?"

தனசேகரன் கியரைக் குறைத்தான். கண்ணாடியில் பின்னால் ஒரு முறை பார்த்தான்.

"சோக்காக் கீதுப்பா. இன்னா வேல பண்ணிக்கீறே!"

அப்பாடா! தீர்த்தகிரிக்கு மூச்சு வந்தது. ஆனால் எத்தனை நேரத்துக்கு? இன்னும் எத்தனை பள்ளமோ! சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

தனசேகரனுக்கோ இன்றைக்கு என்ன வந்ததோ, ஓயாமல் பேசினான். ஆடு மூணு குட்டி போட்டது, சாமை அறுப்பு, மாமியார் வீட்டுப் பலாப்பழம் என்று ஒன்றையும் விடவில்லை. பேச்சுக்கு நடுவே ஆரன் வேறு. வண்டியை மலைச்சுவர் ஓரமாகவே ஓட்டினான். ஆரன் சத்தத்துக்குக் கவியா கைகொட்டிச் சிரித்தாள்.

"இன்னாண்ணா, இன்னிக்கு இவ்ளோ பேசறே?" என்றாள் செவ்வந்தி.

"வண்டி ஒசந்துச்சில்ல தங்கச்சி, மனசும் ஒசந்துடுச்சி."

மனிதன் இவ்வளவு சந்தோஷமாக இருக்கும்போது எந்த வாயால் உண்மையைச் சொல்வது?

முனியப்பன் கோயில் வளைவு வந்தது. அதற்குக் கீழேதான் மலையிலேயே மோசமான இறக்கம். புது வண்டியோ, வேலை பார்த்த வண்டியோ, அங்கே நின்று சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்காமல் எவனும் இறங்க மாட்டான். செவ்வந்தி பையிலிருந்து பழமும் கற்பூரமும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

ஜீப் ஆரன் அடித்துக்கொண்டே கோயிலைத் தாண்டிப் போனது.

"அய்யய்யோ! சாமிய வுட்டுட்டுப் போறியேண்ணா!"

"நேரமாச்சி தங்கச்சி. திரும்பி வர்றப்போ கும்புட்டுக்கலாம்."

தீர்த்தகிரி முன்னால் எட்டிப் பார்த்தான். திரும்பி வந்தால்தானே! இறக்கம் கண்ணெதிரே தெரிந்தது. இடது பக்கம் தடுப்புச் சுவர்கூடக் கிடையாது. மானம் போனால் போகட்டும், பட்டறையே போனாலும் போகட்டும், கவியா பிழைத்தால் போதும். தனசேகரனின் காதருகே குனிந்தான் தீர்த்தகிரி.

"அண்ணா, நெறுத்துண்ணா. உங்கிட்ட பொய் சொல்ட்டேன். பிரேக் ஹோஸு மாத்தல, பழசுதான் கீது. எப்ப வேணா புட்டுக்கும். உன் கால்ல வுழறேன், வண்டிய நெறுத்து!"

தனசேகரன் சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. முகத்தில் அதே சிரிப்பு. குரல் மட்டும் இறங்கியது.

"மெதுவாப் பேசு, தங்கச்சி பயந்துக்கப் போவுது. அந்தப் பள்ளத்துல எறங்குனதுலேர்ந்து பிரேக்கே இல்லப்பா. நெறுத்த முடிஞ்சா முனியப்பன வுட்டுட்டு வருவேனா?"