முட்டிக்கால் வேண்டுதல்

“செருப்பை இங்கயே விட்டுரு. வெயில் ஏறுறதுக்குள்ள முடிச்சிரணும்,” என்றார் செபஸ்தியம்மா.

வேளாங்கண்ணி மணல் பாதையைப் பார்த்ததும் மருமகள் ஜெசிந்தா செருப்பைக் கழற்றாமலே நின்றாள். பிள்ளை வரம் கேட்பவர்கள் அந்த மணலில் முட்டிபோட்டே மாதா குளம் வரை போவார்கள். மாமியார் அப்படி வேண்டிக்கொண்டிருக்கிறார் என்பதே காரைக்காலில் கார் ஏறிய பிறகுதான் அவளுக்குத் தெரியும்.

நேற்றுதான் கும்பகோணத்து டாக்டர் அவள் வயிற்றில் கருவை வைத்து அனுப்பியிருந்தார். “அலுங்காம குலுங்காம இருங்க” என்று வேறு சொல்லியிருந்தார்.

இதை மாமியாரிடம் எப்படிச் சொல்வது? செபஸ்தியம்மா கோயிலில் மரியாயின் சேனை என்ற ஜெபக்குழுவின் தலைவி. சோதனைக்குழாய்ப் பிள்ளை கூடாது என்று சாமியார் பிரசங்கம் வைத்தபோது, கோயிலே திரும்பிப் பார்க்கும்படி தலையாட்டியவர். அந்தப் பயத்தில்தான் ஊசி மருந்தைக்கூட ஜெசிந்தா பிரிட்ஜில் பேரீச்சம்பழ டப்பாவுக்குள் ஒளித்து வைத்திருந்தாள்.

போதாக்குறைக்கு இந்த வருஷம் மாமியாருக்குப் பக்தி முற்றியிருந்தது. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் கறிதான் விலக்கு, மீன் உண்டு. இவரோ மீனையும் விட்டுவிட்டார். கருக்களாச்சேரி மீன்காரி கூடையை இறக்கி, “வஞ்சிரம்மா, இப்பத்தான் கரையேறுச்சு” என்று ஆசை காட்டியும், “மாதாவுக்காக விட்டாச்சு, போ” என்று விரட்டிவிட்டார். மீன் இல்லாவிட்டால் சோறே இறங்காத மனுஷி!

ஜெசிந்தா வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். கல்யாணமாகி ஏழு வருஷ ஏக்கம் அது. மாமியார் கோபம் என்றைக்காவது ஆறிவிடும். இது போனால் வருமா?

“அத்தை, என்னால முட்டிபோட முடியாது. மன்னிச்சிருங்க.” சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

செபஸ்தியம்மா கைப்பையையும் குடையையும் அவளிடம் நீட்டினார். சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு, “இயேசுவே” என்று முனகியபடி, வாதம் பிடித்த தன் முட்டியை மணலில் ஊன்றினார்.

“அத்தை! நீங்க எதுக்கு?”

“கத்தாதடி. கொடையப் புடிச்சுக்கிட்டு மெதுவா நடந்து வா. பிரிட்ஜுல பேரீச்சம்பழ டப்பாவுல நீ வச்ச ஊசி மருந்துல மீன் வாடை ஏறிரக் கூடாதேன்னு தவக்காலம் பூரா வாயக் கட்டுனவ, இன்னிக்கு உன்னை முட்டிபோட விடுவேனா?”